அணைக்குக் கொண்டுபோன தண்ணீர்

மேட்டூர் அணையைப் பார்க்க நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு கேன், நாற்பது லிட்டர். நான் சிரிக்கவில்லை. நூர் முகமதுவோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியதில் அந்தச் சிரிப்பெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று.

என் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். ருசியில் பாதி அவர் கை, மீதிப் பாதி திண்டுக்கல் குழாயில் வரும் எங்கள் ஆத்தூர் அணைத் தண்ணீர் என்பது அவர் கட்சி. அதனால் எந்த ஊருக்குச் சுற்றுலா போனாலும் பிரியாணி வேகும் தேக்சா வரும், விறகு வரும், கேன் வரும், சின்ன வெங்காயம் உரிக்க நானும் வருவேன். குற்றாலத்துக்குப் போய் அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவள் நான். வைகை அணைக்குப் போய் வேன் நிழலில் இஞ்சி நசுக்கினேன். இந்தத் தடவை அணையைக் கண்ணால் பார்ப்பது, ஆற்றில் ஒருமுறையாவது காலை நனைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "பாத்துக்கலாம்" என்பார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரியுமே.

வேன் அவருடைய கூட்டாளி சூசைராஜுடையது. மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தார். வழியெல்லாம் அணையின் பெருமையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

"வெள்ளைக்காரன் காலத்துல கட்டுனதுண்ணே. அந்தத் தண்ணிலதான் கரண்டு எடுக்குறாக."

"அதான்லே சொல்றேன்," என்றார் இவர். "கரண்ட உருவிட்டா தண்ணில என்ன சத்து இருக்கும்? வெறும் சக்க."

சூசைராஜ் ஹாரனை அடித்து முன்னால் போன லாரியை முந்தினார்.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் போய் இறங்கியதும் எல்லோரும் பார்வைக் கோபுரத்தில் ஏறி அணையைப் பார்க்கக் கிளம்பினார்கள். என் மகள் ஹுஸ்னாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அம்மா, ஒனக்கு போட்டோ எடுத்துட்டு வாரேன்," என்றாள். எனக்கு அழுகையே வந்தது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.

கறி பாதி வெந்ததும் இவர் குரல் கொடுத்தார். "இந்தா, தண்ணியக் கொண்டா."

வேனுக்குப் போய்க் கேனைத் தூக்கினேன். காற்றாய் வந்தது. இன்னொன்றும் அப்படியே. ஆடாமல் இருக்கட்டும் என்று இவரே இரண்டையும் கடைசி சீட்டுக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தார். மூடி நெகிழ்ந்து, நாற்பது லிட்டர் ஆத்தூர் தண்ணீரையும் கரூர், நாமக்கல் ரோடு குடித்துவிட்டது.

சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்வார். சொல்லாவிட்டால், கறி வேகும்வரை அடுப்பை விட்டு நகர்ந்து என் பின்னால் வந்து பார்க்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கேனை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினேன்.

தண்ணீர் சில்லென்று முழங்கால் வரை ஏறியது. நிமிர்ந்தால் எதிரே அணை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. கேன் நிறைய இரண்டு நிமிடம் போதும். நான் நிறைந்த கேனைப் படியில் வைத்துவிட்டு மறுபடியும் இறங்கி நின்றேன். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது?

மேலேயிருந்து இவர் என்னைக் கூப்பிடும் சத்தம் வந்தது. "ஏய் அஜீஸு! தண்ணி எடுக்கத் திண்டுக்கல்லுக்கா போயிட்ட?"

தூக்கிக்கொண்டு போனேன். என் காலைப் பார்த்தார். "சீல ஏன் இம்புட்டு நனஞ்சிருக்கு?"

"கேனு ஒழுகிருச்சுங்க," என்றேன். பொய் இல்லையே.

மத்தியானம் சூசைராஜ் மூன்றாவது தட்டை நீட்டினார். "அண்ணே, கடையிலகூட இந்த ருசி வந்ததில்ல."

இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றைக் கை காட்டினார். "பாத்தியாலே? அந்தா ஓடுதே சக்க, அதுல வச்சிருந்தா இது வருமா? ஆத்தூர் தண்ணிலே இது!"

எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஒரே வார்த்தையில் மனிதரை உட்கார வைத்துவிடலாம். ஆனால் அதன்பின் அவரே கேனை மடியில் வைத்துக்கொண்டு வருவார். நான் பழையபடி வேன் நிழலில் இருப்பேன். கறித்துண்டோடு சேர்த்து வார்த்தையையும் விழுங்கினேன்.

"அடுத்து ஒகேனக்கல்லு," என்றார் இவர். "நாலு கேனு எடுத்துக்கிருவோம். இந்தத் தடவ மாதிரி ஒழுகாம யாராச்சும் கவனமாப் பாத்துக்கிரணும்."

"கேன எங்கிட்ட விட்டுருங்க," என்றேன். "மூடிய நானே போட்டுக்கிறேன்."