பச்சைக் கிளிக்குக் கேட்ட குரல்

எங்கள் பள்ளிக்கு டேப்லெட் வந்தபோது, இனிமேல் டீச்சருக்கு வேலை இல்லை என்று தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் கிண்டல் செய்தார். பிள்ளை சத்தமாக வாசித்தால் டேப்லெட் கேட்கும். சரியாக வாசித்தால் திரையில் இருக்கும் கிளி பச்சையாகும்; தப்பாக வாசித்தால் சாம்பல் நிறத்திலேயே உம்மென்று உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆனால் என் மூன்றாம் வகுப்பு மெர்லினுக்கு அது தினமும் பச்சையானதும், நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் திரிந்தேன்.

மெர்லின் அதிகம் பேசாத பெண். அப்பா ஆண்டனி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் கம்யூன் பஞ்சாயத்துப் பள்ளிகளிலேயே அதிகம் பச்சை வாங்கியது மெர்லின்தான், வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து அவள் வாசிப்பதைப் பார்ப்பார், பெற்றோரையும் அழையுங்கள் என்று தகவல் வந்தது. ஆண்டனி கரிக்கலாம்பாக்கம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை, அவளை மட்டும் காலி வகுப்பில் உட்காரவைத்து டேப்லெட்டைக் கொடுத்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"படிம்மா."

"மத்தவங்கல்லாம் வரட்டும் டீச்சர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பிள்ளை திணறினால் மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும், கூச்சம் போகும் என்று பழக்கியதே நான்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் துணைக்கு வரவில்லை, அவர்களுக்கு அவ்வப்போது தப்பு வந்தது. இவளுக்கு வகுப்பே துணைக்கு வந்தது. இவள் கூடவே வாயசைத்தாள். கிளி கூட்டத்தின் குரலைக் கேட்டுப் பச்சையாகியிருக்கிறது. மெர்லினுக்கு எழுத்துகள் தெரிந்தன. கூட்டி வாசிக்கத் தெரியவில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "பக்கத்துல நாலு புள்ளைங்கள உக்கார வெச்சிடுங்க மேடம். பச்சையாயிடும். வந்தவரு டீ சாப்ட்டுட்டு போயிடுவாரு."

"இப்டியே நாலாவது போவா, அஞ்சாவது போவா. எப்ப சார் படிப்பா?" என்று கத்திவிட்டேன். கத்தியதில் பாதி கோபம் என் மேல்தான்.

சாயங்காலம் கேட்டருகே ஆண்டனியிடமும் சொன்னேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? ஊரெல்லாம் சொல்லிட்டனே!" என்று ஆட்டோ சாவியைத் திருகினார். "எனக்கும் இப்டித்தான் ஆச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். கடைசி வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. இன்னிக்கும் போர்டு பாத்து ஊர் பேரு படிக்கத் தெரியாது." பிறகு நிமிர்ந்து, "நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. நீங்களே சொல்லிக்குடுங்க" என்றார்.

டேப்லெட்டை அலமாரியில் வைத்துவிட்டு, தினமும் மதியம் எழுத்து அட்டைகளோடு அவளுடன் உட்கார்ந்தேன். ஒரு சொல்லை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவசரப்படுத்தாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ இந்த ரிசல்ட் எல்லாம் பொய்யா?" என்றார் அதிகாரி.

"வகுப்பு நல்லா படிக்குது சார். இவ இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. நீங்களே ஏதாவது எழுதிக் கேளுங்க."

அவர் கரும்பலகையில் எழுதினார்: மாடு மரத்தில் ஏறியது.

மெர்லின் எழுந்து நின்றாள். "மா... டு..." என்றதும், பழக்கதோஷம், வகுப்பு முழுக்க "மாடு மர" என்று ஆரம்பித்தது. மெர்லின் சட்டென்று திரும்பினாள்.

"யாரும் சொல்லாதீங்க. நானே படிக்கிறேன்."

அந்தப் பெண் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வகுப்பு அடங்கியது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. கடைசி எழுத்து வரை போய், திரும்ப முதலிலிருந்து சேர்த்து வாசித்தாள். வாசித்த கையோடு களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மாடு எப்டி சார் மரத்துல ஏறும்?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் நின்றிருந்த ஆண்டனி மெதுவாக என் பக்கம் வந்தார்.

"டீச்சர், போர்டுல மெய்யாலுமே அதான் எழுதியிருக்கா?"

"அதேதான்பா" என்றேன்.