நாலு காலி டேக்

கடைசி உறையில் தாளை மடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். மேலே ‘பார்வைக் குறைவு’ என்று இருந்தது. கீழே அந்தப் பெரியவரின் பதினோரு மருந்துகளும் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு மருந்துத் தாள் அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் அலுவலக வேலை. அவர்களுடைய விவரத்தைத் தாளாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி நிரலை எழுதியவள் பக்கத்து மேஜைக்காரி, அதாவது என் மனைவி. நான் அந்த நிரலில் வேண்டாததை நீக்கிச் சுத்தம் பார்க்கிறவன். காலையில் அதைத் திறந்தபோது, உள்ளே ஒன்றுமே இல்லாத டேக் என்கிற அடையாளக் குறிகள் நாலு கிடந்தன. குப்பை என்று அழித்துவிட்டேன். நிரல் முனகக்கூட இல்லை.

உறைகளை எடுத்துப்போக நாலு மணிக்கு வண்டி வரும். போன மாதம்தான் மேலாளர், “இன்னொரு தடவை கேக்காம எதையாவது தொட்டீங்கன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல” என்றிருந்தார். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடவுளுக்குத் தெரியும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

“ஏம்மா, அந்தக் காலி டேக்...”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“உங்க தலையிலயும்தான் ஒண்ணும் இல்ல. நான் தூக்கியா போட்டேன்?”

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் டேக்கைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கிவிட்டன. நிரல் மொழியின் இந்தப் பழைய பதிப்பில், ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனை அப்படியே எடுத்து இன்னொன்றின் கையில் கொடுக்க முடியாதாம். அதனால் பெரிய எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று காலி டேக் வைத்திருக்கிறாள். நோயாளிக்கு ஏற்ற டேக்கை அனுப்பினால், அதற்குப் பொருந்துகிற டெம்ப்ளேட் என்ற நிரல் துண்டு வந்து வேலையைச் செய்யும். டேக் இல்லாவிட்டால் எல்லோருக்கும் சின்ன எழுத்துதான்.

“அது என்னன்னு பக்கத்துல ஒரு வரி எழுதாம விட்டது என் தப்பு,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானே எடுத்துட்டேன்னு மேலாளர்கிட்ட சொல்லிடறேன். என்னை ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

அந்த ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும். “வேணாம்மா,” என்று எழுந்து போனேன்.

மேலாளர் முழுக்கக் கேட்டார். “எத்தனை உறை?”

“நூத்தி எண்பது சார். எல்லாத்தையும் பிரிச்சுத்தான் பாக்கணும்.”

வண்டிக்காரருக்குப் போன் செய்து ஆறு மணிக்கு வரச் சொன்னார். “உங்க விஷயத்தைத் திங்கக்கிழமை பேசுவோம்,” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் பின்னாலேயே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்கேலால் உறை கிழியாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

பிரிண்டர் பெரிய எழுத்தில் முதல் தாளைத் தள்ளியது. இன்னும் சூடாக இருந்த அதை அவரே எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையை நீட்டிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

“காலைல... சாப்பாட்டுக்கு முன்னாடி... வெள்ளை மாத்திரை... ஒண்ணு.”

நாங்கள் இருவரும் கையில் உறையோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.