பச்சை அடிக்காத தெரு

அவள் வேலையே நடப்பதுதான். முதுகுப் பையில் ஆறு போன்கள், கையில் ஒரு டேப்லெட், காலில் தேய்ந்த செருப்பு. செல்போன் நிறுவனத்துக்காகத் தெருத்தெருவாக நடந்து எங்கே சிக்னல் எவ்வளவு வருகிறது என்று அளந்து கொடுப்பாள். நல்ல சிக்னல் வந்தால் வரைபடத்தில் அந்த இடம் பச்சை, சுமாராக வந்தால் மஞ்சள், வரவே இல்லை என்றால் சிவப்பு. பதினாறு வருடமாக இதே வேலை. அலுவலகத்தில் எல்லாரும் அவளை ‘நடராஜா சர்வீஸ்’ என்று கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வாரம் அவளுக்குக் கிடைத்தது இரண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் தெரு. முப்பது மாடிக் கட்டடங்கள் இரண்டும் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பக்கத்திலேயே மூன்றாவதைக் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு நகராட்சியில் விசாரணை. பின் தெருவில் போன் சரியாக வேலை செய்கிறதா என்று வரைபடம் கேட்டிருந்தார்கள்.

தெருமுனை திரும்பியதும் பையிலிருந்த போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. இருபது வீடு தாண்டுவதற்குள் ஆறும் ஊமையாகிவிட்டன. அவளுக்குக் காரணம் தெரியும். முன்பு இங்கே ஒரு தியேட்டர் மாடியில் ஆன்டெனா இருந்தது. கோபுரம் கட்ட அந்தத் தியேட்டரை இடித்தார்கள், ஆன்டெனாவும் அதோடு போனது. மெயின் ரோட்டிலிருந்து வரும் கொஞ்சநஞ்சத்தையும் உலோகப் பூச்சு பூசிய கண்ணாடிச் சுவர் திருப்பி அனுப்பிவிடுகிறது.

அளப்பதற்காக ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் ஏறினாள். இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, மடியில் துணியோடு ஒரு பெண் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் போன்.

“இங்க ஏங்க உக்காந்து தைக்கறீங்க?”

“இங்க மட்டும்தான் ஒரு கோடு வரும். மழை பெஞ்சா அதுவும் வராது” என்றாள் தையல்காரி. பிறகு பையையும் டேப்லெட்டையும் பார்த்துவிட்டு, “கம்பெனிக்காரங்களா? நல்லதாப் போச்சு. நாலு வார்த்தை கேட்டுட்டுப் போங்க” என்றாள்.

தையல்காரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மூன்று வருடமாக மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் காத்திருக்கிறாள்.

“போன மாசம் ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. அரை மணி நேரம் பாப்பாங்க, எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். நான் வீட்டுல தையல் மெஷின்கிட்டதான் உக்காந்திருந்தேன். சாயங்காலம் மெயின் ரோட்டுக்குப் போனதும் நாலு மிஸ்டு காலும் ஒண்ணா வந்து விழுந்துச்சு.”

“லேண்ட்லைன் கேட்டுப் பாத்தீங்களா?”

“அதெல்லாம் இப்ப குடுக்கறதில்லையாம். நெட்டுக்குக் கேபிளும் இந்தத் தெருவுக்கு இழுக்கல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அந்தக் கிட்னி யாருக்குப் போச்சோ, அவங்க நல்லா இருக்கட்டும். ஆனா உங்க கம்பெனிக்குப் போன் பண்ணி சொன்னா, ‘உங்க தெருல சர்வீஸ் பிரமாதமா இருக்கே மேடம்’ங்கறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.”

நடராஜா சர்வீஸ் படி இறங்கினாள். அந்தத் தெருவை ஒரு தடவைக்கு மூன்று தடவை நடந்து அளந்தாள். மூன்றிலும் சிவப்பு.

மேனேஜர் வரைபடத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். கோபுரங்களின் மாடியில் நிறுவனத்தின் ஆன்டெனாக்கள் இருந்தன; தூரத்துக்கு வீசுபவை, காலடித் தெருவுக்கு எட்டாதவை. கட்டியவர்களோடு மனஸ்தாபம் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

“‘போக முடியாத இடம்’னு ஒரு கட்டம் இருக்கே, அதுல டிக் பண்ணுங்க. மெயின் ரோட்டு அளவை வச்சு சாப்ட்வேரே பச்சை அடிச்சுடும்.”

“போனேனே சார்.”

“போனீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“என் காலுக்குத் தெரியும்.”

சிவப்பு வரைபடத்தில்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. விசாரணை நாளன்று லீவு சொல்லிவிட்டு நகராட்சி மண்டபத்துக்குப் போனாள். கிளம்பும்போது, ஹாஸ்டலில் சமையல் செய்யும் அவள் கணவன், “வேலைக்கு ஏதாவது ஆபத்து வந்துடுமோ?” என்று கேட்டான்.

“வந்தா வரட்டும்.”

“அப்ப சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகாத” என்று தட்டை வைத்தான்.

மண்டபத்தில் மேனேஜர் வரைபடத்தைத் திரையில் போட்டார். பின் தெரு முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விசாரணை நடத்த வந்திருந்த அம்மாளைப் பார்த்து எழுந்தாள்.

“மேடம், கீழ இருக்கற கையெழுத்து என்னுது. மேல இருக்கற பச்சை என்னுது இல்ல.”

“நீங்க உக்காருங்க” என்று மேனேஜர் சீறினார்.

“பதினாறு வருஷமா நடந்தவ சார். இன்னிக்கு ஒரு நாள் நிக்கறேன்.”

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “இதுக்கு ஆதாரம்?”

“பத்து நிமிஷ நடை. உங்க போனை எடுத்துட்டு வாங்க, போதும்.”

“விசாரணையை ரோட்டுல நடத்த முடியாது மேடம்” என்றார் மேனேஜர்.

“நடத்த வேணாம். நடக்கலாம்ல?” என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

வெயிலில் ஒரு ஊர்வலமே போனது. பின் தெருவின் நடுவில் நின்று அதிகாரி தன் அலுவலகத்தைக் கூப்பிட்டார். போன் மூச்சு விடவில்லை. மேனேஜர் தன் போனை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், அதுவும் மூச்சு விடவில்லை. மேலே ஜன்னலிலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

“மேல வாங்க மேடம், இங்க ஒரு கோடு வரும்! கையை மட்டும் வெளிய நீட்டிக்கணும்!”

அதிகாரி மூச்சிரைக்க இரண்டு மாடி ஏறினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேச முடிந்தது.

உத்தரவு மறுநாளே வந்தது. பின் தெருவின் விளக்குக் கம்பங்களில் சின்ன ஆன்டெனாக்கள் மாட்டி, அவை வேலை செய்வதை நகராட்சி நேரில் பார்க்கும்வரை மூன்றாம் கோபுரத்துக்கு ஒரு செங்கல் வைக்கக் கூடாது. அதுவரை தெருவில் ஒரு வண்டியில் தற்காலிக ஆன்டெனா நிற்க வேண்டும். ஏழு வாரத்தில் கம்பங்களில் ஆன்டெனாப் பெட்டிகள் ஏறின. தையல்காரியின் பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டூலை வீட்டுக்குள் எடுத்துப் போய்விட்டாள்.

நடராஜா சர்வீஸைக் குடோனில் பெட்டிகளுக்கு எண் ஒட்டப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். குரலில் தேன் ஒழுகியது.

“சின்னதா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. பழைய வேலைக்கே போயிடலாம்.”

பேப்பரை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் அளந்து சிவப்பு என்று கொடுத்து, வெளியே போன வரைபடத்தில் பச்சையாக மாறியிருந்த பதினோரு தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் நாளும் அளவும். மேலே நகராட்சியின் முகவரி.

“இது என்ன?”

“மன்னிப்பு கேட்டு எழுத எனக்கு ஒரு வரிகூட வரல சார். இது கடகடன்னு வந்துச்சு. உங்களுக்கு நகல்தான், அசலை மத்தியானமே நகராட்சில குடுத்தாச்சு.”

அவர் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு குடோனுக்கு நடந்தாள். இன்னும் நாற்பது பெட்டி பாக்கி இருந்தது.