மார்த்தாளுக்குப் பிரைமர் அடித்த காற்று

“கழுவி விடுங்கன்னா கழுவி விடுங்க. மூஞ்சியெல்லாம் நறநறன்னு, இருமி இருமி—”

“கழுவுனா பேச்சும் சேர்ந்து போயிட்டா? அப்புறம் நான் யாருகிட்ட—”

“நான் பேசிக்கினு இருக்கறப்ப குறுக்க பேசாதீங்க!”

இதைச் சொன்ன மார்த்தாள் கட்டைவிரல் உயரம் இருந்தாள், உலோகத்தால் ஆனவள். செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஆல்பின், அப்பாவுக்குப் பொழுது போகட்டுமென்று, வர்ணம் தீட்டும் குட்டி உலோகப் பொம்மைகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டும் தைரியநாதன், ஷிப்ட் முடிந்து வந்து, பெட்டியிலிருந்த சிப்பாய்களுக்கெல்லாம் வர்ணத்தால் சட்டை மாட்டியபின், இடுப்பில் கைவைத்து நின்ற ஒரு பெண்ணை எடுத்தார். குவார்ட்டர்ஸ் பால்கனியில் நிறுத்தி, வர்ணம் பிடிக்க முதல் பூச்சாகப் பிரைமர் அடித்தார். காய்ந்ததும் நீலப் புடவை, கண். உதட்டில் சிவப்பு பட்டதும், “ஆளில்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு ஓடுது?” என்றாள். குரல் அவர் மனைவி மார்த்தாளுடையது. சிப்பாய்கள் யாரும் பேசவில்லை.

பிளாக்கில் இதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. கீழ்வீட்டுச் செந்தாமரை வந்து, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போனாள். தைரியநாதன் வீட்டைப் பூட்டாமல் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார். உள்ளே ஆள் இருக்கிறதே.

ஒரே குறை, இருமல். பிரைமர் அடித்த அன்று காற்று சுரங்கப் பக்கமிருந்து வீசியது. அந்தக் காற்றில் பிளாக்கில் எந்தப் பெண்ணும் வெள்ளைத் துணி காயப்போட மாட்டாள். ஆயுசில் ஒருநாளும் துணி காயப்போடாத தைரியநாதனுக்கு அது தெரியாது. ஈரப் பிரைமரில் கரித்தூள் ஒட்டியிருக்க, அதன்மேலேயே முகத்தை எழுதிவிட்டார். மழைக்காலம் முழுக்க இருமினாள். கிறிஸ்துமஸுக்குள் பாதிப் பேச்சு இருமலிலேயே போயிற்று. அதற்குமேல் அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“பயப்படாதீங்க. செந்தாமரை கொடியில வெள்ளைத் துணி போடுற நாளா பாத்து அடிங்க,” என்றாள்.

பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் அவளை இறக்கினார். புடவை கரைந்தது, பிறகு கண், கடைசியில் உதடு.

காற்று திரும்பக் காத்திருந்தார். கீழே பள்ளிக்கூடச் சட்டைகள் வெள்ளையாக ஆடிய ஒரு காலையில், மெல்லிசாகப் பிரைமர் அடித்தார். முகம் கண்ணாடி போல வந்தது. அதே நீலம், அதே சிவப்பு. செந்தாமரை மேலே வந்து, “அக்கா, நெத்திலிக்குப் பூண்டு தட்டிப் போடணுமா?” என்று கேட்டாள். குனிந்து, இன்னொரு தரம் கேட்டாள். பிறகு இறங்கிப் போனாள்.

தைரியநாதன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு தூசி இல்ல மார்த்தா. காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்புடல, தெரியுமா?”