குதிரைக்காரனுக்குப் பக்கத்தில் நின்றவள்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. செஞ்சியில் உரக்கடை வைத்திருக்கும் தர்மநாதனின் மகள் நீலாஞ்சனா, சீனாவின் சியான் நகரில் டாக்டருக்குப் படித்தவள். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். கண்ணாடிக்குள் ஒரு சுடுமண் பொம்மை: அடர்ந்த தாடி, பெரிய மூக்கு, கயிறு பிடித்தாற்போல மூடிய கை. கயிறு என்றோ மக்கிவிட்டது. சீனப் பிரபு ஒருவர் செத்தபோது, மறுமையில் அவருக்குக் குதிரை பிடிக்க இந்த அயல்நாட்டானைக் களிமண்ணில் செய்து கூடவே புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நீலாஞ்சனா. அவளைச் சுற்றி, யாரென்றே தெரியாத ஒரு சீனக் குடும்பம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாலைவனம் கடந்து வந்த அந்தக் குதிரைக்காரன் ஒருநாள்’—

அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விட்டுவிட்டேன். நீலாஞ்சனாவைத் தெரியும்.

தங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள அந்தக் குடும்பம் சைகையில் கேட்டது; அப்போது அவளுக்கு மொழி அவ்வளவாக வராது. சிரித்தாள். [‘அவமானப்பட்டாள்’ என்று எழுதி அடித்தேன். அவள் சொன்னது, “சிரிச்சா சீக்கிரம் விட்டுடுவாங்க” என்பது மட்டும்தான்.]

3

படிப்பு முடித்து ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கோட்டைக்குப் போனாள். கோட்டைக்குள்ளிருக்கும் கல்யாண மகால் மண்டபத்துக்கு எதிரே கூட்டம். நடுவே ஒரு பெண். ஆளாளுக்கு அவளோடு செல்ஃபி.

“சைனாக்காரி போலக்குது. நீ அவங்க பாஷைல பேசேம்மா,” என்றார் தர்மநாதன், பெருமையாக.

நீலாஞ்சனா பேசினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

“எனக்கு சைனீஸ் தெரியாதுக்கா. நான் மணிப்பூர். பாண்டிச்சேரில நர்ஸா இருக்கேன். பேரு மெம்சா.”

தர்மநாதன் மலை உச்சியைப் பார்த்தார். நீலாஞ்சனாவுக்குக் காது சுட்டது. போனில் அந்த சியான் படத்தை எடுத்துக் காட்டினாள். மெம்சா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இதுல எது பொம்மைன்னு தெரியலக்கா.”

4

இருவரும் தோழிகளானார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். பள்ளிக்கூடப் பாடம் போல இருந்தது. நீலாஞ்சனா கூட்டத்தைத் திட்டித் துரத்தினாள் என்று இன்னொன்று. அவள் திட்டுகிறவள் இல்லை.

நடந்தது இது. அவலூர்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த குஞ்சம்மாள், தன் போனை நீலாஞ்சனாவிடம் நீட்டினார். “அந்தப் பொண்ணுகூட எங்கள வெச்சு ஒண்ணு எடுத்துக் குடும்மா.”

நீலாஞ்சனா வாங்கினாள். உயர்த்தவில்லை. “அவங்களையே கேளுங்கம்மா. தமிழ் பேசுவாங்க.”

குஞ்சம்மாள் திரும்பினார். படம் கேட்க வாயெடுத்தார். பிறகு, “சாப்டியா கண்ணு?” என்றார்.

“இன்னும் இல்லம்மா.”

“வா. புளிசோறு இருக்குது.”

மரநிழலில் துண்டை விரித்தார்கள். நீலாஞ்சனாவையும் தர்மநாதனையும் கூப்பிட்டார்கள்.*

* சாப்பிட்டபின் படம் எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. எடுத்திருந்தால், யார் யாரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்கள் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.