கழிவுப் பெட்டியில் ஒரு சட்டை

அந்தத் தையல்கூடத்தின் வாசலைத் தாண்டிவிட்டால் எவளுக்கும் பிள்ளை கிடையாது. யாரும் எழுதி ஒட்டாத விதி அது. நாள் முழுவதும் கைக்குழந்தைகளுக்கான சட்டைகளைத் தைக்கும் நாற்பது பெண்களும் தம் வீட்டுக் குழந்தையைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

பேறுகால விடுப்பு முடிந்து வந்திருந்த, சட்டைக்குக் காலர் தைக்கும் காலர்க்காரி, மதிய இடைவேளையில் துணிக் கிடங்குக்குள் போய்ப் பால் பீய்ச்சி, நிறைந்த புட்டியைப் பையில் மறைத்துக்கொண்டு வருவாள். யார் கண்ணிலும் அது படாது.

அன்று போன வேகத்தில் வெறும் புட்டியோடு திரும்பினாள்.

"என்னடி?" என்று கிசுகிசுத்தாள் செக்கிங் மேசைக்காரி. பிசிறு ஒன்றையும் தப்பவிடாதவள், பட்டப்பெயர் கழுகு.

"அவன் போட்டுக் கழட்டின சட்டைய மோந்தாத்தான்க்கா எனக்குச் சுரக்கும். மெஷின் பக்கத்துல வச்சேன், காணோம். மூணு நாளாவே கொறஞ்சிட்டு வருது. இன்னைக்கு வெறும் புட்டியோட வீட்டுக்குப் போனா மாமியார் பால் பவுடர் டப்பாவத் தொறந்துருவாங்க."

கழுகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தைத்த கட்டோடு வந்த ஒரு சட்டையைக் கறைபட்டதென்று காலையில் கழிவுப் பெட்டியில் எறிந்தவள் அவளேதான். பிள்ளை போட்டிருந்ததும் இங்கே தைத்த சட்டைதான்; பெட்டியில் அதே அச்சில் நூறு சட்டைகள், கறையில்லாதது எதுவுமில்லை. இருபது ஆண்டுகள் கண்ணை நம்பியவள் முதன்முறையாக மூக்கை நம்பினாள். கஞ்சி, மெஷின் எண்ணெய், மறுபடி கஞ்சி. பிறகு ஒன்றில் புளித்த பால், உச்சந்தலை வியர்வை, உறக்கம்.

கிடங்கில் காலர்க்காரி அதை முகத்தில் பொத்திக்கொண்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கை படாமலே, புட்டியில் ஒரு துளி பால். இன்னொன்று. அப்புறம் இழையாக. நான்கு தெரு தள்ளி உறங்கும் பிள்ளைக்கு ஒரு கந்தலின் வாசனை வழியாக அந்த உடம்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கழுகுக்கு மயிர்க்கூச்செறிந்தது, கோயிலில்கூட அவள் இப்படி நின்றதில்லை.

இடைவேளை முடிந்த மணி அடித்தது.

"காலர் எங்கம்மா? வழக்கமான வயித்து வலியா?" என்றார் சூப்பர்வைசர்.

கூடத்தில் இருந்த தலைகளெல்லாம் குனிந்தன. கிடங்கிலிருந்து வந்த கழுகு காலர் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

"வலியுமில்ல கிலியுமில்ல சார். புள்ளைக்குப் பால் எடுத்துட்டிருக்கா," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "மணியடிச்சா நிக்கிறதுக்கு அதென்ன மெஷினா? புட்டி நெறஞ்சதும் வருவா, அதுவரைக்கும் நான் தைக்கிறேன். எனக்கும் ஒரு மக இருக்கா சார். மூணாம் மாசமே எனக்குப் பால் வத்திப்போச்சு, இங்க உக்காந்து வாயப் பொத்திக்கிட்டு இருந்ததால."