எழுபதுக்கு ஒரு பொட்டு குறைவு

திருப்பூரில் ஓர் அமெரிக்க டாலர் நாணயத்தை எவ்வளவு ஆசையோடு பார்க்கிறோமோ, அவ்வளவு ஆழத்துக்கு அதில் கீறல் விழும். சும்மா பார்த்தால் மயிரிழை அளவு. "அடடா" என்று பார்த்தால் நகம் பட்டதுபோல் இருக்கும். ஒருமுறை ஒரு பனியன் கம்பெனி முதலாளி பார்த்த பார்வையில் நாணயம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவர் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாக விலை கேட்டார்.

அதனால்தான் நாணயங்களுக்கு மதிப்பெண் போடும் அலுவலகத்தில் கமலவேணியை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. நேர்முகத் தேர்வில் அவள் எதிரே ஒரு வைர அட்டிகை, தோகை விரித்த மயில், ஆவி பறக்கும் நெய் ரோஸ்ட் மூன்றையும் வைத்தார்கள். மூன்றையும் பார்த்து முடித்து, "பஸ் பாஸ் தருவீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கே வேலை உத்தரவு கொடுத்தார்கள். பதினெட்டு வருடத்தில் அவள் கண்பட்டு ஒரு நாணயத்திலும் ஒரு கோடு விழுந்ததில்லை.

மதிப்பெண் எழுபதுக்கு. அறுபதுக்குக் கீழே இருப்பவை கைமாறிப் புழங்கியவை. கொடுத்து மிட்டாய் வாங்கித் தின்னலாம். அதற்கு மேலேதான் மரியாதை தொடங்கும். அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசம் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. விலையில் தெரியும். அறுபத்தொன்பதுக்கு ஒரு நல்ல சைக்கிள் வரும். எழுபதுக்கு அவிநாசி ரோட்டில் மூன்று சென்ட் இடம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை சாயப்பட்டறை சென்னியப்பனும் அவர் மனைவி பூங்கொடியும் வந்தார்கள். மூன்று சென்ட் இடத்தை நம்பி அவர் கிரில் கேட்டை முன்கூட்டியே செய்துவிட்டார். அது வெளியே ஆட்டோவில் சாய்ந்து நின்றது. சென்னியப்பன் கமலவேணிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் வளைத்து ஒரு தகர டப்பியை நீட்டினார்.

"இருபத்தஞ்சு வருசமா நான் இதப் பாக்கலீங்க. வாங்கும்போதும் கண்ண மூடிக்கிட்டுத்தான் வாங்குனேன்."

"அப்பறம் டாலருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வட்டமா இருந்துச்சுங்க."

கமலவேணி டப்பியைத் திறந்து பஞ்சை விலக்கினாள். நாணயத்தில் ஒரு பெண் நின்றாள். அவள் இடது இடுப்பில் ஒரு குழந்தை தூங்கியது. விளிம்பு கூர்மை. அச்சு ஆழம். பளபளப்பு ஓரம்வரை ஒரே சீர். ஒரு கீறல் இல்லை. குழந்தையின் கன்னத்தில் மட்டும் அரைக் கடுகு அளவில் கருப்பாக ஏதோ இருந்தது.

"கொழந்த கன்னத்துல மை இருக்குதுங்க."

சென்னியப்பன் திரும்பாமலே அதிர்ந்தார். பூங்கொடி முன்னால் வந்தாள். அவளும் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"நாந்தானுங்க வெச்சேன். நாலு பேரு கைக்குப் போற புள்ள. திருஷ்டிப் பொட்டு வெக்காம அனுப்பச் சொல்றீங்களா?"

"பாக்காம எப்படி வெச்ச?" என்றார் சென்னியப்பன்.

"மூணு பெத்தவளுக்குக் கன்னம் எங்க இருக்குதுன்னு பாக்கணுமாக்கும்!"

பொட்டோடு சேர்த்துக் கணக்கிட்டால் அறுபத்தொன்பது. பொட்டைத் துடைத்தால் அதுவும் இல்லை. துடைத்த நாணயத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. வாயால் ஊதினாலும் துடைத்ததாகவே கொள்ளப்படும். கமலவேணி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பதினான்காம் விதி தெளிவாக இருந்தது. பொட்டின் வேலை கண்ணை வாங்கிக்கொள்வது. வேலை முடிந்தால் பொட்டு தானாகப் போய்விடும். ஆகவே யாராவது ஒருவர் அந்தக் குழந்தையை மனதார ரசிக்க வேண்டும். குறைவாக ரசித்தால் பொட்டு போகாது. அதிகமாக ரசித்தால் பார்வை பொட்டைத் தாண்டிக் கன்னத்தில் விழும்.

"நான் பாத்தன்னா ஓட்டையே விழுந்துருமுங்க," என்றார் சென்னியப்பன். "எனக்குப் புள்ளைங்கன்னா உசுரு," என்றாள் பூங்கொடி. ஆகவே கமலவேணிதான் பார்த்தாக வேண்டும்.

அவள் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். "அழகா இருக்குது," என்றாள். பொட்டு அப்படியே இருந்தது.

"வாயில சொன்னாப் போதாதுங்க அம்மணி. வயித்துக்குள்ள குளுகுளுன்னு இருக்கோணும்," என்றாள் பூங்கொடி.

"எனக்கு வயித்துல பன்னெண்டரைக்குப் பசிக்கும். அவ்வளவுதானுங்க."

"மூக்கப் பாருங்க."

"மூக்குதான்."

"வெரலு?"

"எண்ணிட்டேன். சரியா இருக்குது."

"உங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்களா?"

"ரெண்டு பசங்க. பெரியவன் பாலுக்கு அழுவான். சின்னவன், பெரியவன் அழறான்னு அழுவான். மூணு வருசம் நான் கண்ண மூடல." கமலவேணி மறுபடி குனிந்தாள். "ஏனுங்க, இது எப்பத் தூங்குச்சு?"

"ரெண்டாயிரத்துலீங்க. அச்சடிச்ச அன்னைக்கே," என்றார் சென்னியப்பன்.

"நடுவுல?"

"ஒருக்காகூட முழிக்கலீங்க."

இருபத்தைந்து வருடம். மூட்டையில் கட்டியிருக்கிறார்கள், கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள், டப்பியில் அடைத்திருக்கிறார்கள். ஒரு சிணுங்கல் இல்லை. கமலவேணி லென்ஸை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"என் தங்கமே," என்றாள்.

பொட்டு சாம்பல் நிறமானது. பிறகு பாதியானது. பிறகு ஊசிமுனை ஆனது. கமலவேணி இன்னும் ரசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரசித்துப் பழக்கமில்லை; ஆகவே நிறுத்தியும் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூங்கொடி அலறினாள்.

"அம்மணி, போதும்! போதுமுங்க!"

கமலவேணி தன் பெரிய மகனை நினைத்தாள். அவனுக்கு இப்போது இருபத்தாறு வயது. பகல் பதினொரு மணிவரை தூங்குகிறான். ரசனை அந்த இடத்திலேயே நின்றது.

கன்னம் சுத்தமாக இருந்தது. பொட்டும் இல்லை, கீறலும் இல்லை. கமலவேணி படிவத்தை எடுத்து எழுபது என்று எழுதினாள். சென்னியப்பன் முதுகைக் காட்டியபடியே தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

அவள் பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். நாணயத்திலிருந்து சின்னதாக ஒரு கொட்டாவி வந்தது. குழந்தை கண் விழித்திருந்தது. கை மரத்துப்போயிருந்த தாய், அதைத் தூக்கி வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னாச்சுங்க? கீறல் விழுந்துருச்சுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க. இடுப்பு மாறிருச்சு. மத்த டாலருல எல்லாம் இடதுதானுங்க." கமலவேணி படிவத்தில் 'பிழை நாணயம்' என்று முத்திரை குத்தினாள். "இனி இதுக்கு மாடியில, பிழைப் பிரிவுலதான் வெல போடுவாங்க. எழுபது அப்படியே இருக்கும். ஆனா அங்க கொழந்தைய எடை போட்டுத்தான் வெல."

"அப்ப இப்படியே தூக்கிட்டுப் போனா நமக்குத்தானுங்க நட்டம்," என்றாள் பூங்கொடி. "ஏனுங்க, எந்திரிங்க. புள்ள இருபத்தஞ்சு வருசமாப் பட்டினி. கீழ போயி ஒரு டம்ளர் பால் வாங்கிட்டு வாங்க."

சென்னியப்பன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"சக்கரை வேண்டாமுன்னு சொல்லிருங்க," என்றாள் கமலவேணி. "வாயோரம் ஒட்டுச்சுன்னா ஒரு மார்க் கொறையும்."